கார் ஷெட்டில் சீட்டாட்டம் நடக்கும்

பருத்திப்பட்டு,
ஐப்பசி கடைசி வெள்ளி.

அன்புள்ள தினகரனுக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் அப்பாவின் முழங்காலையும் என் கடைவாய்ப் பல்லையும் விட்டுவிட்டால் இங்கே எல்லாரும் சுகம். குளிரை விட்டுவிட்டால் அங்கே நீயும் மோகனப்பிரியாவும் சுகமாகத்தான் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். மழை இந்த வருஷம் நேரத்துக்கு வந்துவிட்டது, ஏரி தளும்பிக்கொண்டு நிற்கிறது. மாடி வீட்டை அம்பத்தூரில் வேலை பார்க்கிற ஒரு புதுத் தம்பதிக்கு விட்டிருக்கிறோம், நல்ல பிள்ளைகள், இரண்டு பேருக்கும் ஷிஃப்ட் வேலை என்பதால் வீட்டில் இருப்பதே தெரியாது. உன் அப்பா கண் ஆபரேஷனுக்குப் பிறகு பேப்பரை வரி விடாமல் படிக்கிறார், படித்ததை எனக்கும் உரக்கப் படித்துக் காட்டுகிறார், இப்போதைக்கு எனக்கு இருக்கிற பெரிய தொந்தரவு அதுதான். முருங்கை மரம் போன வாரக் காற்றில் ஒரு கிளை முறிந்து காம்பவுண்டு மேல் விழுந்தது, சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை, கவலைப்படாதே.

ஃபோனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று உனக்குத் தோன்றும். போன வாரம் பேசியபோது நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் நீ குறுக்கே விழுந்தாய். கடிதத்தில் அது முடியாது. உன் பெரியப்பா மகன் பாண்டியன் நம் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்ட வீடியோவை நானும் பார்த்தேன். யாரோ தெருவில் நின்று முன்னே எப்போதோ எடுத்தது. நம் கார் ஷெட்டில் மடக்கு மேசை, அதைச் சுற்றி நான், நாகம்மாள், வேம்புலி அண்ணன், பக்கத்து ஃப்ளாட் சரசா, எங்கள் கையில் சீட்டு, மேசை மேல் சில்லறை. கீழே ‘பருத்திப்பட்டு காசினோ’ என்று எழுதிச் சிரிக்கிற பொம்மை வேறு போட்டிருந்தான் பாண்டியன். அதைப் பார்த்துவிட்டுத்தான் நீ கத்தினாய். வயசான காலத்தில் என் அம்மா சூதாடுகிறாள், அவளால் பக்கத்து ஃப்ளாட்டில் ஒரு குடும்பம் கெட்டுவிட்டது, சொந்தக்காரர்கள் முகத்தில் நான் எப்படி விழிப்பது என்றாய். அந்த ஆட்டத்தை நிறுத்தினால்தான் இனிமேல் பேசுவேன் என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டாய். சரி நைனா. நான் நிறுத்தப் போவதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் அம்மா அழுது மன்னிப்புக் கேட்டிருப்பாள் என்று தேடிக்கொண்டே படிக்காதே.

நாகம்மாளை உனக்குத் தெரியும், என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவள், கோவில்பதாகையில் இருந்து ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட கையோடு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குவாள். வேம்புலி அண்ணன் உன் அப்பாவோடு ஃபேக்டரியில் இருந்தவர், மகள் வீட்டோடு மனைவி மதுரைக்குப் போன பிறகு தனியாக இருக்கிறார். உன் அப்பாவுக்குச் சீட்டு பிடிக்காது, அவர் உள்ளே ஃபேனுக்கு அடியில் தூங்குவார். நாங்கள் ஆடுவது ரம்மி. எங்கள் சட்டம் என்ன என்று நீ ஒரு நாளும் கேட்கவில்லை, அதனால் சொல்கிறேன். ஆளுக்கு ஒரு டப்பா, அதில் ஞாயிற்றுக்கிழமைக்கு என்று நூறு ரூபாய்ச் சில்லறை. அந்த டப்பா காலியானால் ஆள் எழுந்து போய் மற்றவர்களுக்கு டீ போட வேண்டும், அதோடு அன்றைக்கு அவர் ஆட்டம் முடிந்தது. யாரும் யாருக்கும் கடன் கொடுக்கக் கூடாது. விளக்கு வைக்கும் நேரத்துக்கு மேசையை மடக்கிவிட வேண்டும், ஜெயித்துக்கொண்டிருந்தாலும் சரி, தோற்றுக்கொண்டிருந்தாலும் சரி. முதல் வருஷம் பெரும்பாலும் நான்தான் டீ போட்டேன். இப்போது வேம்புலி அண்ணன் போடுகிறார், இஞ்சி தட்டிப் போட்டு நன்றாகவே போடுகிறார்.

ஏன் காசு வைக்க வேண்டும், சும்மா ஆடினால் ஆகாதா என்று கேட்டாய். ஆகாது. ஆடிப் பார்த்தோம். காசு இல்லாவிட்டால் நாகம்மாள் கைக்கு வந்த சீட்டை எடுத்து வீசுவாள், வேம்புலி அண்ணன் உட்கார்ந்தபடியே கொட்டாவி விடுவார். ஒரு பத்து ரூபாய் மேசை மேல் வந்து விழட்டும், அவர் முதுகு தானாக நிமிர்ந்துவிடும். பத்து ரூபாயை வைத்து நாங்கள் கோட்டை கட்டப் போவதில்லை. ஆனால் அது அங்கே இருந்தால்தான் நான் கீழே போடுகிற சீட்டுக்கு ஒரு பொறுப்பு வருகிறது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். பால் எப்போது வரும், மோட்டாரை எப்போது போட வேண்டும், சீரியலில் யார் யாரை அறைவாள், ரசத்தைப் பற்றி உன் அப்பா என்ன சொல்வார் என்று இந்த வீட்டில் எல்லாம் எனக்கு முன்கூட்டியே தெரியும். அந்த மேசையில் கவிழ்த்து வைத்த சீட்டுக்கட்டின் மேலே இருக்கிற சீட்டு என்ன என்பது மட்டும்தான் தெரியாது. அதை எடுக்கக் கை நீட்டும்போது வயிற்றுக்குள் ஒன்று துள்ளும். இந்த வயதில் அப்படித் துள்ளுவதற்கு எனக்கு வேறு என்ன இருக்கிறது என்று நீ சொல், நான் அதைச் செய்கிறேன். கோயிலுக்குப் போகலாமே என்பாய். வெள்ளிக்கிழமை தவறாமல் திருமுல்லைவாயில் போய்விட்டுத்தான் வருகிறேன், அது வேறு, இது வேறு. சீட்டில் ருசி இருக்கிறது, அதிகமானால் ஆளைத் தின்னும் என்பதும் தெரியும். தெரிந்துதான் டப்பா வைத்திருக்கிறோம்.

நீ பந்தயம் கட்டாதவன் மாதிரிப் பேசுகிறாய், அதுதான் எனக்குக் கோபம். அம்பத்தூர் கம்பெனியில் நிரந்தர வேலையை விட்டுவிட்டு ஒரு காண்ட்ராக்ட் பேப்பரை நம்பி டப்ளினுக்குப் போகிறேன் என்று நீ நின்றபோது உன் அப்பா இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. சமையல்கட்டில் வந்து நின்று என்னிடம்தான் கேட்டாய். அது சரிப்படாவிட்டால் எவ்வளவு வரைக்கும் உன்னால் தாங்க முடியும், அதை இப்போதே சொல்லு, மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றேன். நீ யோசித்து, இரண்டு வருஷம், கையில் இருக்கிற சேமிப்பு, அதற்கு மேல் ஒரு பைசா வெளியே வாங்க மாட்டேன் என்றாய். அப்படியானால் போ என்றேன். உனக்குச் சரிப்பட்டது, சந்தோஷம். சரிப்படாமல் திரும்பி வந்திருந்தாலும் நான் உன்னைத் திட்டியிருக்க மாட்டேன். எவ்வளவு போகலாம் என்று உட்கார்வதற்கு முன்னாலேயே முடிவு செய்கிறவன் ஆடலாம். உட்கார்ந்த பிறகு முடிவு செய்கிறவன் ஆடக் கூடாது. நான் அன்றைக்கு உனக்குச் சொன்னதும் இதுதான், இன்றைக்குக் கார் ஷெட்டில் செய்வதும் இதுதான்.

இப்போது சரசா விஷயத்துக்கு வருகிறேன். பாண்டியன் சொன்னதை மட்டும் கேட்டுவிட்டு நீ தீர்ப்பு எழுதிவிட்டாய், நடந்தது என்ன என்று என்னிடம் கேட்டுக்கொள். சரசா திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், உன்னைவிடப் பத்து வயது மூத்திருப்பாள். அவள் புருஷன் மனோகரன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர், மகள் ரோஷினி கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். புது ஃப்ளாட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியும் இந்தத் தெருவில் ஒருத்தரும் அவளோடு நின்று பேசியது கிடையாது. ஒரு ஞாயிறு கறிவேப்பிலை கேட்டு வந்தவள், நாங்கள் ஆடுவதை நின்று பார்த்தாள், நாற்காலியை இழுத்துப் போட்டேன், உட்கார்ந்தாள். சீட்டு சொல்லிக் கொடுத்தது நான்தான், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. எங்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள், யார் என்ன சீட்டு எடுத்தார்கள், என்ன போட்டார்கள் என்று எல்லாம் மனசிலேயே வைத்திருப்பாள். நாகம்மாள் அவளைப் பார்த்து, ‘இன்னாமே நீ, ஊர்ல கணக்கு டீச்சரா இருந்தியா, என் கைல கீறது எல்லாம் ஒனக்கு எப்டித் தெர்து’ என்பாள். சரசா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அவள் சிரிப்பதையே அப்போதுதான் நான் முதல்முதலாகப் பார்த்தேன்.

ஆடி மாசம் வாக்கில் அவளிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. டப்பா காலியானால் எழுந்திருக்க மாட்டாள். ‘யக்கா, இன்னும் ஒரே ஒரு ஆட்டம், இந்தத் தடவை கை நல்லா வரும், எனக்குத் தெரியுது’ என்பாள். மற்றவர்கள் டீ கேட்டால் முகம் சுண்டிப்போகும். ஜெயித்தாலும் அவளுக்குச் சந்தோஷம் இல்லை, அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டை அவசர அவசரமாக வாரிக் கலைப்பாள். ஒரு ஞாயிறு டப்பா தீர்ந்ததும் நாகம்மாளிடம் கடன் கேட்டாள், நாகம்மாள் தலையை ஆட்டிவிட்டாள். சரசா சட்டென்று காதில் கையை வைத்து ஒரு தோட்டைக் கழற்றி மேசையில் வைத்தாள். ‘இதை வச்சி ஆடுதேன்’ என்றாள். வேம்புலி அண்ணன் கையில் இருந்த சீட்டை அப்படியே கீழே வைத்துவிட்டார். நான் எழுந்து எல்லார் கையில் இருந்த சீட்டையும் வாங்கிக் கட்டி உள்ளே கொண்டுபோய் வைத்தேன். தோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போ சரசா, இனி இந்த மேசைக்கு நீ வேண்டாம் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் அவள் வீட்டுக் கதவை வெளியே பூட்டின மாதிரிப் பார்த்தாள். தோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நாகம்மாள், ‘வுடு ராஜி, கோவம் தணிஞ்சா தானா வருவா’ என்றாள். அவள் வரவில்லை. நானும் போய்ப் பார்க்கவில்லை, இரண்டு வாரம் போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

அப்புறம் ஒரு நாள் காலையில் நான் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறேன், மனோகரன் வந்து கேட்டுக்கு வெளியே நின்று சத்தம் போட ஆரம்பித்தார். பக்கத்தில் நம் தெரு நலச் சங்கத் தலைவர் சம்பந்தம் சார், பின்னாலே இன்னும் சில பேர். ‘நீங்கதாம்மா என் வீட்டைக் கெடுத்தது, ஒங்க மேசைல உக்காந்துதான் அவ சீட்டையே தொட்டா’ என்றார் மனோகரன். ரோஷினிக்குக் கட்ட வேண்டிய காலேஜ் ஃபீஸ் பேங்கில் இல்லை, சரசாவின் சங்கிலி அடகுக் கடையில் இருக்கிறது, எல்லாம் ஃபோனில் சீட்டு ஆடிப் போய்விட்டது. அதுவரைக்கும் எனக்கு அந்த ஃபோன் சமாச்சாரமே தெரியாது. அரசாங்கம் தடை போட்டிருக்கிறது என்றுதான் உன் அப்பா பேப்பரில் படித்துக் காட்டினார். ஆனால் ஏதோ பேரில் ஏதோ லிங்க் வருகிறதாம், அதைத் தொட்டால் நம் ரம்மி மாதிரியே வருகிறதாம், முதலில் கொஞ்சம் ஜெயிக்கவும் விடுகிறதாம். சம்பந்தம் சார் என்னைப் பார்த்து, ‘இதெல்லாம் ஃபேமிலி இருக்கிற தெரு மேடம், உடனே நிறுத்துங்க, இல்லேன்னா போலீசுக்குப் போக வேண்டி வரும்’ என்றார். போங்கள் சார், ஆனால் எனக்கு முன்னால் போக வேண்டிய இடம் வேறு இருக்கிறது என்று வாளியைக் கீழே வைத்துவிட்டு, அவர்களைத் தாண்டி நேராக சரசா வீட்டுக்குப் போனேன். மனோகரன் பின்னாலேயே ஓடி வந்தார்.

அவள் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டிருந்தாள். கதவில் காதை வைத்தால் சீட்டு விழுகிற சத்தம் கேட்கிறது தினா, அந்த ஃபோனில் வருகிற சத்தம். வீட்டில் இவ்வளவு கலவரம் நடக்கும்போது அவள் உள்ளே ஆடிக்கொண்டிருக்கிறாள். மனோகரன் கதவை உடைக்கப் போனார், நான் அவரை ஹாலில் உட்கார வைத்துவிட்டு, கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தேன். சரசா, நான்தான், ராஜி அக்கா என்றேன். உள்ளே இருந்து, ‘ஒரே ஒரு நல்ல கை வந்தா போதும்க்கா, எல்லாத்தையும் மீட்டுருவேன், பெறகு தொடவே மாட்டேன்’ என்று குரல் வந்தது. அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நம் மேசையில் உன் டப்பா காலியானால் நாங்கள் மூன்று பேரும் நீ எப்போது எழுந்து டீ போடுவாய் என்று காத்திருப்போம், அந்த ஃபோனில் எதிரே உட்கார்ந்திருக்கிறவன் நீ எழுந்திருக்கவே கூடாது என்று காத்திருக்கிறான், அவன் முகத்தை நீ பார்த்திருக்கிறாயா என்று கேட்டேன். வேறு என்ன பேசினேன் என்று எனக்கு நினைவில்லை, ரோஷினியைப் பற்றி, நாகம்மாளைப் பற்றி, குழம்புக்குக் கொதி வந்திருக்குமே என்று ஏதேதோ பேசினேன். ரொம்ப நேரம் கழித்துத் தாழ்ப்பாள் திறந்தது. ஃபோனை என் கையில் கொடுத்தாள், நான் அதை மனோகரனிடம் கொடுத்தேன். மறுநாளே போய் மனோகரனிடம் சண்டை போட்டு அதைத் திரும்ப வாங்கிக்கொண்டாள், அதையும் சொல்லிவிடுகிறேன், ஒரே நாளில் மனசு மாறிவிட்டாள் என்று நினைக்காதே. நான் திரும்பவும் போனேன். அதற்கு அடுத்த நாளும் போனேன்.

பிறகுதான் பெரியாஸ்பத்திரியில் மனநோய்ப் பிரிவுக்குக் கூட்டிப்போகலாம் என்று உன் அப்பா சொன்னார், அந்த உரக்கப் படிக்கிற பேப்பரில்தான் எங்கேயோ பார்த்தாராம். மனோகரனுக்கு முதலில் ஆத்திரம் வந்தது, ‘என் பொஞ்சாதி என்ன பைத்தியமா’ என்றார். அப்புறம் அவரே லீவு போட்டுவிட்டு வந்தார். ஆவடியில் ரயில் ஏறி மூன்று பேரும் போனோம், வழியெல்லாம் அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. டாக்டர் சின்னப் பெண், நம் மோகனா வயதுதான் இருக்கும். சரசாவோடு தனியாகப் பேசிவிட்டு எங்களைக் கூப்பிட்டாள். இது கெட்ட புத்தி இல்லை, வியாதி, சர்க்கரை வியாதி மாதிரி கூடவே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்றாள். நான் நம் கார் ஷெட் ஆட்டத்தைப் பற்றிச் சொன்னேன், மறைக்கவில்லை. அந்தப் பெண் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். நீங்கள் நாலு பேர் ஒரே தட்டில் ஸ்வீட் சாப்பிடுகிறீர்கள், ஒருத்தருக்குச் சர்க்கரை இருந்தால் அவர் மட்டும் சாப்பிடக் கூடாது, இனிமேல் இவர் சீட்டைக் கையால் தொடக் கூடாது, காசு இல்லாமல்கூட ஆடக் கூடாது என்றாள். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அதில் நியாயம் இருந்தது, ஒத்துக்கொண்டேன். ஃபீஸுக்கு மனோகரன் பைக்கை விற்றார், சங்கிலி இன்னும் அடகில்தான் இருக்கிறது. சைபர் போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறார், போனது வருமா என்று தெரியாது.

இதற்கு நடுவில் சங்கம் கூட்டம் போட்டது, நம் தெருக் கோடியில் இருக்கிற அம்மன் கோயில் மண்டபத்தில். சம்பந்தம் சார் எழுதி வைத்ததைப் படித்தார், குடியிருப்பில் சீட்டாட்டத்துக்கு முற்றிலும் தடை, மீறினால் நடவடிக்கை என்று. நான் எழுந்து, சார், தண்ணீர் லாரிக்கு வரிசை வைக்க உங்களுக்கு உரிமை உண்டு, என் வீட்டுக்குள் நான் என்ன செய்கிறேன் என்பதற்குக் கிடையாது என்றேன். மண்டபம் முழுக்க முணுமுணுப்பு. ஒருத்தர், பெண்பிள்ளைகள் நடுத்தெருவில் சீட்டாடினால் பிள்ளைகள் கெட்டுப்போகும் என்றார். ஆண்பிள்ளைகள் மொட்டை மாடியில் ஆடினால் கெட்டுப்போகாதா என்று கேட்டேன், அவர் உட்கார்ந்துவிட்டார். உன் அப்பா பொது இடத்தில் வாயே திறக்காத மனுஷன் என்று உனக்குத் தெரியும். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். ‘எனக்கு சீட்டு புடிக்காது, நா ஆட மாட்டேன். ஆனா என் ஊட்டு ஷெட்ல இன்னா நடக்கணும்னு என் பொண்டாட்டிதான் சொல்வா, சங்கம் சொல்லாது’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கல்யாணம் ஆன நாளில் இருந்து அவர் பேசியதில் எனக்குப் பிடித்தது அதுதான் என்று அவரிடம் நான் சொல்லவில்லை, நீயும் சொல்லிவிடாதே.

அப்போது மண்டபத்தின் பின்பக்கம் சரசா எழுந்து நிற்கிறாள். அவள் வந்திருந்ததே எனக்குத் தெரியாது, மனோகரனுக்கும் தெரியாது போலிருக்கிறது, அவர் முகம் வெளிறிவிட்டது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தரையைப் பார்த்தபடி பேசினாள். ‘நாந்தான் அந்த ஆளு. நான் தோட்டைக் கழட்டி வச்சப்ப அக்கா ஆட்டத்தை நிறுத்தி என்னைய வீட்டுக்குப் போன்னு சொன்னாவ. ஃபோனு அப்படிச் சொல்லல. ராவும் பகலும் வா வான்னுதான் சொல்லிச்சி’ என்றாள். அவ்வளவுதான். அவமானத்தில் மூழ்கிக் கிடக்க வேண்டிய ஒருத்தி அவ்வளவு பேர் முன்னால் நான்தான் என்று சொல்கிறாளே, இந்தத் தெருவில் வேறு யாருக்காவது அந்தத் தைரியம் உண்டா தினா? சம்பந்தம் சார் நல்ல மனுஷன்தான், பேப்பரை மடித்து வைத்துக்கொண்டார். கடைசியில் சமாதானமாக, ‘தெருவுல போறவங்க கண்ணுல படாம ஒரு தார்ப்பாய் மட்டும் கட்டிக்கங்க மேடம், யாருக்கும் பிரச்சனை இல்லை’ என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். மாட்டேன் என்றேன். மறைத்துக் கட்டிக்கொண்டு ஆடினால்தான் அது கெட்ட ஆட்டமாகிறது, சரசா பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டுதான் தோற்றாள், நாங்கள் தோற்பதைத் தெருவே பார்க்கட்டும், யாருக்காவது டப்பா காலியாகியும் எழுந்திருக்காமல் இருந்தால் நீங்களே உள்ளே வந்து எழுப்புங்கள் என்றேன். தார்ப்பாய் கட்டவில்லை. வீடியோ எடுக்கிறவர்கள் எடுத்துக்கொள்ளட்டும், அடுத்த முறை நான் கொஞ்சம் நல்ல புடவையாகக் கட்டிக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்தலாக இருந்தது, சரசாவை வாசலில் நிற்க வைத்துவிட்டு நாங்கள் உள்ளே ஆடுவது சரியா என்று. ஆட்டத்தை விட்டுவிடட்டுமா என்று நாகம்மாளிடம் கேட்டேன். ‘அவளுக்கோசரம் நாம வுட்டா, அந்தப் பாரமும் அவ தலைமேலதான்மே வுழும்’ என்றாள். போன ஞாயிறு நாங்கள் மூன்று பேரும் ஆடிக்கொண்டிருந்தோம். சரசா அதிரசம் கொண்டுவந்தாள், ரோஷினி லீவுக்கு வந்திருக்கிறாளாம். கேட்டைத் திறந்து உள்ளே வந்தவள் மேசைக்கு இரண்டடி தள்ளியே நின்றுவிட்டாள். அதிரசத் தூக்கைத் தட்டுத்தடுமாறி என்னிடம் நீட்டுகிறாள், கண் முழுக்க சீட்டு மேலேயே இருக்கிறது. நாகம்மாளுக்குப் பின்னால்தான் நின்றாள், நாகம்மாள் கையில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். அவள் விரல் தன்னையறியாமல் அசைந்தது, சீட்டைப் பிரித்து அடுக்குகிற மாதிரி. அவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, ‘நிக்க முடியலக்கா, நான் ஏரிக்கரைப் பக்கமாப் போறேன்’ என்று சொல்லிவிட்டு வேகமாக வெளியே போய்விட்டாள். நாகம்மாள் கையில் இருந்த சீட்டைக் கவிழ்த்து வைத்தாள், செருப்பை மாட்டிக்கொண்டு, ‘தே சரசா, நில்லு, நானும் வர்றேன், என்னால ஒன்னை மாரி வேகமா நடக்க முடியாது’ என்று கத்திக்கொண்டே பின்னால் போனாள். அவர்கள் தெரு முனையைத் தாண்டிய பிறகு வேம்புலி அண்ணன் மெதுவாக அந்தச் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். பதிமூன்று சீட்டும் சேர்ந்திருந்தது, அடுத்த சீட்டை எடுத்ததும் நாகம்மாள் ரம்மி அடித்திருப்பாள், அன்றைக்கு முழுக்க அவளுக்கு வந்த ஒரே நல்ல கை. ‘பாத்தியா தங்கச்சி’ என்று மட்டும் சொன்னார். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார், நான் உள்ளே போய் டீ போட்டேன். இருட்டுகிற வரைக்கும் அவர்கள் இரண்டு பேரும் ஏரியைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள், வீட்டில் இருந்தே நாகம்மாள் குரல் கேட்டது.

இதுதான் நடந்தது. பாண்டியன் சொன்ன கதையையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். மனோகரன் இன்னும் என்னோடு பேசுவதில்லை, எதிரே வந்தால் தலையை மட்டும் ஆட்டுகிறார், அது போதும் எனக்கு. நீ பேசுவாயோ மாட்டாயோ, அது உன் இஷ்டம். ஆனால் மோகனாவை என்னோடு பேசாமல் தடுக்காதே, அவள் பாவம், அன்றைக்கு நீ கத்தும்போது பின்னால் இருந்து அவள் ‘விடுங்க, அத்தைகிட்ட இப்டியா பேசுவாங்க’ என்று சொன்னது எனக்குக் கேட்டது. உன் ஃபோனில் அந்த மாதிரி லிங்க் எதுவும் வந்தால் தொடாதே, உன் ஆபீஸ் பையன்களுக்கும் சொல். கிரிக்கெட் மேட்சுக்கு நண்பர்களோடு பந்தயம் கட்டுகிறாய் என்று மோகனா சொன்னாள், கட்டு, வேண்டாம் என்று சொல்லவில்லை, தோற்றால் எவ்வளவு என்று அவளிடம் முதலிலேயே சொல்லிவிட்டுக் கட்டு.

நீங்கள் இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல், நினைத்தது கைகூடி, வீடு நிறையப் பிள்ளைச் சத்தத்தோடு இருக்க வேண்டும் என்று மாசிலாமணீஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன். அப்பாவின் ஆசீர்வாதமும் இதில் இருக்கிறது. பார்சலில் பருப்புப் பொடியும் வடாமும் வைத்திருக்கிறேன், மாவடு ஜாடியை நன்றாகச் சுற்றியிருக்கிறேன், பிரிக்கும்போது நிமிர்த்திப் பிடித்துப் பிரி. வாரத்தில் எந்த நாளும் எந்த நேரமும் கூப்பிடு, எடுப்பேன். ஞாயிறு மதியம் மட்டும் எடுக்க மாட்டேன், கையில் சீட்டு இருக்கும்.

இப்படிக்கு,
உன் மேல் கோபமும் அதைவிட அதிகமாகப் பிரியமும் உள்ள அம்மா,
லோ. ராஜகுமாரி